ரிஜெக்ட் தோலும் அறுபதாயிரம் ஃபோட்டானும்

எனக்கு வயது இருபத்தெட்டு. பணி அனுபவம் எழுதுகிற வயது இதில்லை என்று எனக்கே தெரியும். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமையோடு இந்த வேலூர் லேபில் என் ஐந்து வருஷம் முடிகிறது. சாவியை உங்கள் மூன்று பேரிடம் கொடுத்துவிட்டுப் போகப்போகிறேன். அந்த வகையில் நானும் ரிட்டையர்டு ஆள்தான். போன வாரம் சார் கூப்பிட்டுச் சொன்னார்: "போறதுக்கு முன்னாடி புதுசா வந்தவங்களுக்கு நாலு பக்கம் எழுதி வெச்சுட்டுப் போங்க. எப்படிச் செய்யணும்கிறது ஃபைல்ல இருக்கு, அது வேணாம். எங்கெங்க சொதப்பினீங்கன்னு எழுதுங்க."

"நாலு பக்கம் போதுமா சார்?" என்று கேட்டேன். போதாது என்கிற மாதிரி சிரித்தார்.

நம் வேலை என்ன என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். ஆம்பூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் வேலை தோல், இல்லாவிட்டால் ஷூ. அப்பா டேனரியில் பச்சைத் தோல் இறக்குகிறவர். அம்மாவும் அக்காவும் ஷூ கம்பெனி. பத்தாவது தாண்டியது வீட்டில் நான் ஒருத்தன். அதனால் நான் என்ன செய்கிறேன் என்பது எங்கள் வீட்டில் பெரிய கேள்வி. "லேசர் லைட்ட எடுத்து, அத கம்மி பண்ணி, கம்மி பண்ணி, ஒரு ஒரு ஒளியா வர்ற மாரி பண்றதுப்பா" என்று ஒரு முறை விளக்கினேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "லைட்ட கம்மி பண்றதுக்கா சம்பளம் தர்றாங்க? அத நம்ம கரண்ட் ஆபீசு சும்மாவே பண்ணுது."

கம்மி பண்ணுவதில்தான் விஷயம் இருக்கிறது. நம் மேஜை மேல் இருக்கிற சிவப்பு லேசர் ஒரு மில்லிவாட். பாவம், சின்னது. ஆனால் ஒரு நொடிக்கு அதிலிருந்து கிளம்பும் ஃபோட்டான்கள் முப்பத்து மூன்று கோடி கோடி. கோடி என்று இரண்டு முறை போட்டது எழுத்துப் பிழையில்லை. நமக்கு வேண்டியது நொடிக்கு ஒரு லட்சம். அந்த அளவுக்குக் குறைத்தால் ஒரு ஃபோட்டானுக்கும் அடுத்ததற்கும் நடுவே சராசரியாக மூன்று கிலோமீட்டர் இடைவெளி. ஒன்று ஆம்பூர் ஸ்டேஷனில் இருந்தால் அடுத்தது ஊரைத் தாண்டி ஹைவேயில் எங்கேயோ வந்துகொண்டிருக்கும். நம் மேஜை ஒன்றரை மீட்டர். அதில் பெரும்பாலும் யாருமே இருக்க மாட்டார்கள். எப்போதாவது ஒருத்தர் தனியாக நடந்து போவார். அவரைத்தான் நாம் படிக்கிறோம்.

குறைப்பதற்குக் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு எண் ஒட்டியிருக்கும். முதல் வாரம் ‘4’ என்று ஒட்டிய கண்ணாடியைக் கையில் எடுத்து, நாலில் ஒரு பங்கு வெளிச்சம் போகும் என்று நோட்டில் எழுதிவிட்டேன். சார் பார்த்தார், திட்டவில்லை. கண்ணாடியை லேசர் முன்னால் வைத்தார். சுவரில் இருந்த சிவப்புப் புள்ளி காணாமலே போய்விட்டது.

"நாலில் ஒன்னு எங்க போச்சுன்னு தேடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த நாலு என்பது ஒன்றுக்குப் பின்னால் வரும் பூஜ்யங்களின் எண்ணிக்கை. பத்தாயிரத்தில் ஒன்றுதான் உள்ளே போகும். இரண்டு ‘4’ அடுத்தடுத்து வைத்தால் பத்தாயிரத்தில் ஒன்று, அதிலும் பத்தாயிரத்தில் ஒன்று. ஒட்டிய எண்ணைக் கூட்ட வேண்டும், வெளிச்சத்தைப் பெருக்க வேண்டும். நாலு, நாலு, இரண்டு, அரை (அரை என்றால் சுமார் மூன்றில் ஒன்று போகும்) என்று நான்கு கண்ணாடி வைத்தால் கூட்டுத்தொகை பத்தரை. மூவாயிரத்துச் சொச்சம் கோடியில் ஒன்று தாண்டும். முப்பத்து மூன்று கோடி கோடி ஒரு லட்சமாகிவிடும். கணக்கு இவ்வளவுதான். எட்டாவது படிக்கிற பையன் போடலாம்.

இனிமேல்தான் பயம். லேசர் பக்கம் இருக்கிற பவர் மீட்டருக்கு அந்த ஒரு லட்சம் தெரியாது, பூஜ்யம் என்று சொல்லிவிடும். அந்தப் பக்கம் இருக்கிற ஒற்றை ஃபோட்டான் டிடெக்டருக்கு ஒரு லட்சம் தெரியும், ஆனால் முழு லேசரைக் காட்டினால் செத்துவிடும். ஆக, மீட்டரின் கண் முடிகிற இடத்துக்கும் டிடெக்டரின் கண் திறக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு இருட்டு. அதைத் தாண்ட நம்மிடம் இருப்பது ஒரு பேனாவும் ஒரு பெருக்கல் கணக்கும். கண்ணாடிகளைத் தனித்தனியாக மீட்டரில் அளந்து, பெருக்கி, அந்தக் காகிதத்தை நம்பி ஷட்டரைத் திறக்க வேண்டும். முதல் முறை திறப்பதற்கு முன் அந்தப் பெருக்கலை ஆறு தடவை போட்டுப் பார்த்தேன்.

சாருக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு என்பதை நீங்களும் சீக்கிரம் கண்டுபிடிப்பீர்கள். எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும், "அளந்தீங்களா, நெனச்சீங்களா?" என்பார். பாதி நாள் நான் நினைத்திருப்பேன்.

இப்போது நான் சொல்ல வந்த சம்பவம். என் இரண்டாவது வருஷம். நம்முடைய டிடெக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. சார் வேறு ஊரிலிருந்து ஒன்றைப் பத்து நாளைக்கு இரவல் வாங்கிவந்தார். சோப்புப் பெட்டி அளவு இருக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு காட்பாடி வரை ரயிலில் வந்ததாகச் சொன்னார். பத்தாவது நாள் திங்கட்கிழமை. அன்று காலை ப்ராஜெக்ட்டைப் பார்க்க கமிட்டி வருகிறது. கணக்குப் போட்ட எண்ணும் எண்ணிப் பார்த்த எண்ணும் ஒத்துப்போகின்றன என்று காட்டினால் ப்ராஜெக்ட் தொடரும், என் வேலையும் தொடரும். காட்டாவிட்டால் நான் ஒரேயடியாக ஆம்பூருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அந்த டிடெக்டருக்கு ஏதாவது ஆனால் சார் முகத்தை எந்த ஊரிலும் பார்க்க முடியாது.

டிடெக்டருக்கு வெளி வெளிச்சம் படக்கூடாது. லேசர் வருகிற ஒரு ஓட்டை தவிர எல்லாப் பக்கமும் மூடிய பெட்டி வேண்டும். அதற்கென்று கறுப்புத் துணி விற்கிறது, ஆர்டர் போட்டால் மூன்று வாரம். எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆம்பூர்க்காரனுக்கு மட்டும் வருகிற யோசனை. வீட்டுப் பரண் மேல் ஒரு கறுப்பு ஆட்டுத்தோல் சுருட்டிக் கிடந்தது. மெல்லிசு, நல்ல ஃபினிஷ், கன்னங்கரேல். தோல் வழியாக வெளிச்சம் போகுமா? அட்டைப் பெட்டி ஒன்றைச் செய்து, மேலே திறந்து மூட வசதியாக அந்தத் தோலைப் போர்த்தி ஒட்டினேன். பார்க்க ஹேண்ட்பேக் மாதிரி அழகாக இருந்தது. சார்கூட, "ஏற்றுமதி குவாலிட்டி" என்றார்.

முதலில் டிடெக்டரின் மூடியைப் போட்டு எண்ணினேன். இருட்டிலேயே அது தானாக நொடிக்கு நானூறு எண்ணும், அது அதன் சுபாவம். நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு மூடியை எடுத்து, பெட்டியை மூடி, ஷட்டரைத் திறந்தேன். வருகிற ஒரு லட்சத்தில் டிடெக்டர் பிடிப்பது நூற்றுக்கு அறுபது. அறுபதாயிரம் காட்ட வேண்டும்.

ஏழு லட்சம் காட்டியது.

கணக்கைத் திரும்பப் போட்டேன். கண்ணாடிகளைத் திரும்ப அளந்தேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் இதுவே. ஏழு லட்சம். வீட்டுக்குப் போகவில்லை, ஹாஸ்டலில் நண்பன் அறையில் படுத்துக்கொண்டேன். சனிக்கிழமை இன்னொரு ‘1’ கண்ணாடியைச் சேர்த்தேன். பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். ஏழு லட்சம் ஆறு லட்சத்து நாற்பத்தாறாயிரம் ஆனது. அவ்வளவுதான். பத்தில் ஒன்பதை வெட்டியும் அது அசையவில்லை.

அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. காலையில் ஒரு கண்ணாடியைத் துடைக்க எடுத்தேனே, அப்போது ஷட்டரை மூடினேனா? ‘4’ கண்ணாடி அது. அதை எடுத்த நேரத்தில் ஷட்டர் திறந்திருந்தால், டிடெக்டர் மேல் விழுந்தது பத்தாயிரம் மடங்கு. வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று பஸ் ஏறிய பிறகு ஒரு யோசனை வருமே, அதே மாதிரி. மூடியதாகவும் ஞாபகம் இருந்தது, மூடாததாகவும் ஞாபகம் இருந்தது. டிடெக்டருக்கு அடிபட்டுவிட்டது, அதனால்தான் கண்டபடி எண்ணுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். புதன்கிழமையே இதே ஏழு லட்சம்தான் காட்டியது என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை. பயந்தவனுக்குத் தேதி வரிசை தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் தோன்றும். டிடெக்டர் பிடிப்பதை எண்ணிக் காட்டுகிற கவுன்ட்டரில் எவ்வளவு நேரம் எண்ண வேண்டும் என்று வைக்கிற ஒரு செட்டிங் இருக்கிறது. ஒரு நொடிக்குப் பதிலாக நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் எண்ணச் சொன்னால், திரையில் கிட்டத்தட்ட அறுபதாயிரம் வரும். வைத்துப் பார்த்தேன். வந்தது. கமிட்டியில் யாரும் அந்த செட்டிங்கைப் பார்க்கப்போவதில்லை. ஐந்து நிமிஷம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான எண். அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. செட்டிங்கை பழையபடி ஒரு நொடிக்கே மாற்றிவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்தேன். நல்லவனாக இருந்ததால் இல்லை. சார் நாளைக்கு, "அளந்தீங்களா, நெனச்சீங்களா?" என்று கேட்டால் இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு பதில் சொல்ல வேண்டிவருமே என்று பயந்துதான்.

ஞாயிறு காலை சாருக்கு போன் போட்டேன்.

"சார், டிடெக்டரக் கொன்னுட்டேன்னு நெனைக்கிறேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் சத்தம் கேட்டது. பிறகு சார் குரல்: "நெனைக்கிறீங்களா?"

"ஆமா சார்."

"செத்திருந்தா நாளைக்குக் கமிட்டிகிட்ட நானே சொல்றேன், இரவல் குடுத்தவங்ககிட்டயும் நானே பேசறேன். அது என் வேலை. ஆனா அளக்காம சாவு அறிவிக்க மாட்டேன். பாத்துட்டு சாயந்திரம் போன் பண்ணுங்க."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார், யாரோ வந்திருக்கிறார்கள் என்று. போய்ப் பார்த்தால் அக்கா. புதன்கிழமையிலிருந்து நான் வீட்டுக்கு வரவில்லை என்று அம்மா அனுப்பியிருக்கிறாள். கையில் பிரியாணிப் பொட்டலம். என் அக்கா கலைவாணி என்னைவிட நான்கு வயது பெரியவள். எட்டாவதோடு நின்றவள். ஷூ கம்பெனியில் தோல் பிரிக்கிற மேஜையில் வேலை. ஒவ்வொரு தோலையும் தூக்கிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாவது, இது ரிஜெக்ட் என்று தள்ளுகிறவள். மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்ப்பாள்.

"இன்னாடா மூஞ்சி இது? எவனாவது அடிச்சானா?"

"ஒரு மெஷினக் கொன்னுட்டேன் போல இருக்குதுக்கா."

"எவ்ளோ பெரிய மெஷினு?"

கையால் அளவு காட்டினேன்.

"த்தூ, இதுக்கா? எங்க கம்பெனில ஒருத்தன் ஒரே வாரத்துல நாலு தையல் மெஷின காலி பண்ணான். அவனுக்கு இப்ப ப்ரமோஷன். வா, மொதல்ல துன்னு."

லேபுக்குள் சாப்பிடக்கூடாது. வராண்டா படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். பிரியாணியும் கத்திரிக்காயும். சாப்பிட்டுக்கொண்டே நான் என்ன செய்கிறேன் என்று கேட்டாள். ஒரு நொடியைப் பத்து லட்சம் தட்டாகப் போடு என்றேன். அதில் மொத்தமாக ஒரு லட்சம் கறித்துண்டை கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டால் எத்தனை தட்டில் கறி இருக்கும்?

"பத்துல ஒன்னுல."

"கிட்டத்தட்ட. தொண்ணூறு சதவீதம் தட்டுல ஒன்னுமே இருக்காது."

"குஸ்கான்னு சொல்லு."

"ஆங், குஸ்கா. ஒம்போது சதவீதத்துல ஒரு பீசு இருக்கும். ஆயிரத்துல நாலஞ்சு தட்டுல ரெண்டு பீசு வுழுந்துடும்."

"அந்தத் தட்டு எப்பவும் ஓனர் மச்சானுக்குத்தான் போவும்" என்றாள் அக்கா.

நான் உங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. லேசரை எவ்வளவு மங்கலாக்கினாலும் அது ஒன்று ஒன்றாக எண்ணிக் கொடுக்கிற இயந்திரம் ஆகிவிடாது, இரண்டு பீஸ் விழும் தட்டு இருந்துகொண்டே இருக்கும். இதை எனக்கு மூன்று புத்தகம் புரியவைக்கவில்லை, அந்தப் படியில் அக்காவுக்குச் சொல்லும்போதுதான் புரிந்தது. யாருக்காவது சொல்லிப் பாருங்கள். முடிந்தால் சாப்பிட்டுக்கொண்டே.

"சரி, அந்தப் பொணத்தக் காட்டு" என்றாள்.

கை கழுவிவிட்டு உள்ளே கூட்டிப்போனேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏதோ ஆஸ்பத்திரிக்கு வந்தவள் மாதிரி மெதுவாக வந்தாள். ட்யூப் லைட் போட்டிருந்தேன். பெட்டிதான் முழுக்க மூடியிருக்கிறதே, லைட் எரிந்தால் என்ன என்பது என் எண்ணம். கவுன்ட்டர் திரையில் ஏழு லட்சம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மேஜை மேல் குனிந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

ஏழு லட்சம் இரண்டு லட்சம் ஆனது.

அவள் நிமிர்ந்தாள். ஏழு லட்சம்.

"அக்கா, நவுராத."

"இன்னாடா?"

"திரும்பக் குனி."

"ஏன், போட்டோ எடுக்கறியா?"

"குனிக்கா!"

குனிந்தாள். இரண்டு லட்சம். அவள் நிழல் பெட்டி மேல் விழுந்தால் எண் விழுகிறது. நிழல் போனால் ஏறுகிறது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய்," என்றாள். குரல் மாறியிருந்தது. "இது என் தோலு."

"இன்னாது?"

"பரண் மேல வெச்சிருந்த தோலு. ஸ்கூட்டி சீட்டுக்கு உறை தைக்கலாம்னு சொல்லிக் கேட்டு வாங்கினு வந்தேன். ஒரு வாரமா தேடினு இருக்கேன். எலி இஸ்துனு போச்சுன்னு அம்மாகிட்ட சண்ட வேற போட்டேன். நீதான் அந்த எலியா?"

"அக்கா, அது வந்து..."

"இது ரிஜெக்ட் மாலுடா. ஏன் ரிஜெக்ட்டுனு பாத்தியா நீ?"

கேட்டுக்கொண்டே, அவள் மேஜையில் ஒரு நாளைக்கு நூறு முறை செய்வதைச் செய்தாள். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் கண். வலது கையில் போன் டார்ச்சைப் போட்டாள். இடது கையால் தோலின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கப் போனாள். உள்ளே மூடி இல்லாத டிடெக்டர், மின்சாரத்தோடு, ஒரு சாண் தூரத்தில்.

"வேணாம்!"

நான் கத்தியது வராண்டா வரை கேட்டதாக செக்யூரிட்டி பிறகு சொன்னார். கையைப் பிடிக்கப் போயிருந்தால் எட்டியிருக்காது. ப்ளக் பாயின்ட் என் காலடியில் இருந்தது. வயரோடு பிடுங்கினேன். திரை அணைந்தது. அவள் கையில் தோல் ஓரம் ஒரு விரல் உயரம் தூக்கியபடி நின்றிருந்தது. டார்ச் வெளிச்சம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"உசுரே போச்சுடா. ஷாக் அடிக்குமா?"

"நமக்கு இல்லக்கா. அதுக்கு."

மின்சாரம் இல்லாதபோது வெளிச்சம் பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. பிடுங்கியது முதலா, டார்ச் முதலா? நூலிழைதான். இதில் ஒரு பாடம் உண்டென்றால், ப்ளக் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கால் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மூளையைக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

டிடெக்டருக்கு மூடி போட்டேன். தோலைப் பெட்டியிலிருந்து பிரித்தோம். ட்யூப் லைட்டை அணைத்து, அக்கா தோலுக்கு அடியில் டார்ச்சைப் பிடித்தாள். கன்னங்கரேல் என்று நான் நம்பிய தோலில் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம். அவள் கைப்பையிலிருந்து கம்பெனி சில்வர் மை பேனாவை எடுத்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டாள். அவள் கை போகிற வேகத்தை அன்றுதான் நான் முதன்முதலில் பார்த்தேன்.

"பதினேழு," என்றாள். "ஆடு உசுரோட இருக்கறப்ப பூச்சி கடிச்ச எடம். மேல கலர் அடிச்சா கண்ணுக்குத் தெரியாது. ஷூவுக்கு இழுத்தா வாயப் பொளக்கும். லைட்ல பாத்தாத்தான் மாட்டும். இவ்ளோ படிச்சிட்டு லைட்ல பாக்கலியா நீ?"

லைட் என் தொழில்.

"இப்ப இன்னாக்கா பண்றது? துணி வர மூணு வாரம் ஆவும்."

"பெரிய தோலுதான, ரெண்டா மடி. இந்த ஓட்டையும் அந்த ஓட்டையும் ஒரே எடத்துல வந்தாத்தான் லைட்டு வரும். எங்கயாவது வருதான்னு பாப்போம்." மடித்தாள், கொஞ்சம் நகர்த்தினாள், டார்ச் அடித்தாள். ஒரு புள்ளி தெரிந்தது. இன்னும் ஒரு விரல்கடை நகர்த்தினாள். போய்விட்டது. "இந்தா, ஒட்டிக்கோ."

நான் இரண்டு கண்ணாடிக்குப் போட்ட அதே பெருக்கல். அவள் பேனா இல்லாமல் போட்டாள்.

ஒட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. இனி தெரிய வேண்டியது ஒன்றுதான்: உயிர் இருக்கிறதா? முன்பு மூடியைப் போட்டு இருட்டை அளந்தேன் அல்லவா, அதுதான் என் முட்டாள்தனத்தின் வேர். மூடி போட்டால் பெட்டியின் ஓட்டை எப்படித் தெரியும்? இந்த முறை மூடியை எடுத்துவிட்டு, பெட்டியை மூடி, ட்யூப் லைட்டைப் போட்டு, லேசர் ஷட்டரை மட்டும் மூடி வைத்து ப்ளக்கைச் சொருகினேன். அக்கா எனக்குப் பின்னால் நின்று சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நானூற்றுப் பத்து.

"குனிக்கா."

குனிந்தாள். நானூற்று ஐந்து. நிமிர்ந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. சும்மா ஆடுகிற ஆட்டம்.

ஷட்டரைத் திறந்தேன். அறுபத்தோராயிரம். ‘1’ கண்ணாடியைச் சேர்க்க ஷட்டரை மூடினேன். மூடினேன் என்று வாய்விட்டுச் சொன்னேன், அக்காவும் "மூட்ட" என்று சாட்சி சொன்னாள். கண்ணாடியை வைத்துத் திறந்தேன். ஆறாயிரத்து ஐந்நூறு.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு நோட்டைப் புரட்டி சனிக்கிழமைப் பக்கத்தைப் பார்த்தேன். ஏழு லட்சம், ‘1’ வைத்த பிறகு ஆறு லட்சத்து நாற்பத்தாறாயிரம். கழித்தால் ஐம்பத்து நாலாயிரம். அறுபதாயிரம் ஆறாயிரமானால் எவ்வளவு குறையும்? அதே ஐம்பத்து நாலாயிரம். கணக்கு முதல் நாளிலிருந்தே சரி. கண்ணாடி சரி. டிடெக்டர் சரி. லேசரிலிருந்து வந்த அறுபதாயிரம் அந்த ஏழு லட்சத்துக்குள்ளேயே ஒழுங்காக உட்கார்ந்துகொண்டு, நான் வெட்டியபோது ஒழுங்காக வெட்டுப்பட்டிருக்கிறது. மிச்ச ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ட்யூப் லைட்டுடையது. என் கண் பெரிய எண்ணையே பார்த்து பயந்துகொண்டிருந்தது. குறைந்தது எவ்வளவு என்று ஒரு கழித்தல் போட்டிருந்தால் சனிக்கிழமையே வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஒரு வெளிச்சத்தை வெட்டியும் எண் குறையவில்லை என்றால், வெளிச்சம் அந்த வழியாக வரவில்லை. இதை நீங்கள் லேப் சுவரில் எழுதி ஒட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாருக்கு போன் போட்டேன்.

"உயிர் இருக்குது சார். அறுபத்தோராயிரம்."

"அளந்தீங்களா?"

"அளந்துட்டேன் சார். எங்க அக்கா வந்திருந்தாங்க. ஓட்டையக் கண்டுபிடிச்சது அவங்கதான்." முழுக்கச் சொன்னேன், டார்ச் உட்பட.

சார் முழுக்கக் கேட்டுக்கொண்டார். "நாளைக்கு கமிட்டி வர்றப்ப அவங்க இருக்க முடியுமான்னு கேளுங்க."

போனைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "நாளைக்கு ஷிப்மென்ட்டுடா, லீவு போட்டா சூப்பர்வைசர் ஆடுவான்" என்றாள். "உங்க சார்கிட்ட சொல்லு, அடுத்த தடவ தோல் வாங்கினா என்கிட்ட காட்டிட்டு வாங்கச் சொல்லு."

அப்படியே சொன்னேன். சார் வெடித்துச் சிரித்தார்.

திங்கட்கிழமை கமிட்டி வந்தது. மூன்று பேர். கணக்கைப் பார்த்தார்கள், எண்ணைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். அதில் வயதான ஒருவர் மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இது என்ன வெள்ளி வட்டம்?" என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். சொன்னேன். ஏழு லட்சம் எழுதிய பக்கத்தையும் திறந்து காட்டினேன். அதைக் கிழித்துவிடலாம் என்று காலையில் ஒரு எண்ணம் வந்திருந்தது. கிழிக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. அவர் அந்தப் பக்கத்தைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் படித்தார். ப்ராஜெக்ட் தொடர்ந்தது. டிடெக்டரை சார் மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது நம்மிடம் சொந்த டிடெக்டர் இருக்கிறது, கறுப்புத் துணியும் இருக்கிறது. ஆனால் அந்தத் தோல் பெட்டிதான் இன்னும் மேஜையில் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். வட்டங்களைத் துடைக்க வேண்டாம். தினமும் வேலை ஆரம்பிக்கும் முன் லேசர் ஷட்டரை மூடி, லைட்டைப் போட்டு, பெட்டி மேல் ஒரு தடவை குனிந்து நிமிருங்கள். எண் அசையக் கூடாது. ஏன் எல்லோரும் பெட்டிக்கு வணக்கம் வைக்கிறார்கள் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அக்காவும் நானும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போனோம். ஆம்பூரில் இறங்கி நடக்கும்போது அவளோடு வேலை செய்கிற ஒரு பெண் எதிரே வந்து, "இன்னாடி, லீவு நாள்ல எங்க போய்ட்டு வர்ற?" என்று கேட்டாள்.

"வேலூருக்கு," என்றாள் அக்கா. "தம்பி லேபுல ஒரு பீசு செக்கிங் இருந்துச்சு. பதினேழு ஓட்ட. ஆனா பாஸ் பண்ணிட்டேன்."